காற்று கடந்த புல எண்கள்

கிளம்பிய இடம் புல எண் 114,
வறண்டு கிடக்கும் குளத்தின் உள்வாய்.
ஆடு மேய்த்த சொரிமுத்து சொல்கிறான்:
"மொதல்ல முழங்கால் ஒயரந்தான் மேடம்,
குப்பையப் பொறக்கி வெளையாடிக்கிட்டு கெடந்துது.
கொஞ்ச நேரத்துல பனையைத் தாண்டிட்டு."
கொஞ்ச நேரம் என்றால் எத்தனை நிமிடம்?
பாதிப் பீடி, என்றான்.
பாதிப் பீடி என்று எழுதப்
படிவத்தில் கட்டம் இல்லை.

சங்கிலியின் ஒரு நுனி என் கையில்,
மறுநுனி தலையாரி ஐகோர்ட் துரையிடம்.
செம்மண்ணில் சுழி போன தடம்
சாணி மெழுகிய கையின் வரி மாதிரி
வளைந்து வளைந்து கிடந்தது.
114, 115, 117.

116ஐத் தொடவில்லை.
அது மீராள் பீவியின் தோட்டம்.
ஒரு இலைகூடக் கிழியவில்லை.
வரப்புக்கு இந்தப் பக்கம் பலவேசத்தின் ஏத்தன்,
அறுநூற்று நாற்பதும் குலை தள்ளியவை,
கழுத்து முறிந்து
ஒன்று கிழக்கே, ஒன்று தெற்கே,
சண்டை போட்டுக்கொண்டு படுத்தவர்கள் போல.
மீராள் வரப்பை விட்டு இறங்காமலே சொன்னாள்:
"எனக்கு ஒண்ணும் சாயல.
அப்படியே எழுதிக்கிடுங்க."
திருடி அகப்பட்டவள் குரல்.

நேரத்துக்குச் சாட்சி தேடினேன்.
குளத்தில் எழும்பியபோது
வள்ளியூர் மினிபஸ் ஆரன் அடித்திருக்கிறது:
மூன்று பத்து.
சூளைத் தார்ப்பாயை உருவியதைப் பார்த்தவர்கள் ஏழு பேர்,
ஏழு பேரும் ஏழு மணி சொன்னார்கள்.
காற்றாலை வேலியடியில் அது அடங்கி
வெறும் தூசியாக உட்கார்ந்தபோது
காவலாளி எட்வின் பதிவேட்டில் நேரம் போட்டிருக்கிறார்:
மூன்று இருபத்தொன்று.

பதினோரு நிமிடம். இரண்டேகால் கிலோமீட்டர்.
மணிக்குப் பன்னிரண்டு.

"பன்னெண்டா?" ஐகோர்ட் துரை சிரித்துவிட்டார்.
"எம் மவன் சைக்கிள் இதவிட வெரசாப் போவும்."
இன்னொரு தடவை வகுத்தேன்.
பன்னிரண்டுதான்.
அது போன வேகம்.
சுற்றிய வேகத்தை அளக்க என்னிடம் சங்கிலி இல்லை.
சூளைக் கூரையின் தகரம் ஒன்று
பனையின் வயிற்றில் நாலு விரற்கடை இறங்கி நிற்கிறது,
பிடுங்க முடியவில்லை.

காற்று நின்ற பிறகும் நிற்காமல் போனது ஒன்றே ஒன்று.
பலவேசத்தின் கூட்டுறவு வங்கிப் பாஸ்புக்.
ஏழு கிலோமீட்டர் தள்ளி
தளபதிசமுத்திரத்தில் ஒரு கிணற்றடியில் கிடைத்தது,
கடன் பாக்கி எழுதிய பக்கம்
கசங்காமல்.

சாயங்காலம் பஞ்சாயத்து அலுவலகத்தில் பெருக்கிப் பார்த்தேன்.
நாற்பதடி அகலம், அவ்வளவு நீளம்,
ஏழு ஏக்கர்கூடத் தேறவில்லை.
ஊர் வாழை இருநூற்றுப் பத்து ஏக்கர்.
படிவம் ஊரை ஒரே துண்டாகத்தான் கேட்கிறது.
நூற்றுக்கு முப்பத்துமூன்று சாய்ந்திருந்தால்
அது காற்று.
என் கணக்கில் வந்தது மூன்று.

கட்டத்தில் 3 என்று எழுதினேன்.
பக்கத்தில் இன்னொரு மூன்றுக்கு இடம் இருந்தது.
தாராளமாகவே இருந்தது.
பேனாவை அதன் மேல் வைத்திருந்தேன்,
கொஞ்ச நேரம்.

பிறகு விளக்கை அணைத்துவிட்டு
வண்டியை எடுத்தேன்.
வீடு வடக்கே. நான் குளத்துக்குப் போனேன்.
114இலிருந்து கிளம்பி, முள்ளை முள்ளைப் பார்த்து,
பன்னிரண்டைத் தாண்டாமல் பிடித்துக்கொண்டு
அது போன வழியே போனேன்.
இரண்டாம் கியரில் எஞ்சின் முனகியது.
இவ்வளவு மெதுவாகவா வந்தது?
ஓர் ஆட்டுக்குட்டியைத் தூக்கி
நெஞ்சோடு வைத்துக்கொண்டு விலகி நிற்கலாம்.
வாழையைத்தான் தூக்க முடியாது.

117இன் ஓரத்தில் பலவேசம்
முறிந்த குலைகளை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்தார்,
மீராள் டார்ச் பிடித்திருந்தாள்.
இரண்டு பேரும் ஒன்றும் கேட்கவில்லை.

சூளை தாண்டியதும்
பின்னாலிருந்து மணியடித்துக்கொண்டு
ஒரு பொடியன் சைக்கிளில் என்னை முந்திப் போனான்,
தலையாரி மகனாக இருக்கும்,
திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி.