ஓடும்

லின்ட்சேக்கு வடக்கே சரளைப் பாதை முடிகிற இடத்தில்
களஞ்சியத்துக்குப் பின்னால்
எழுபத்தொன்பதாம் ஆண்டு ஃபோர்ட் பிக்கப் ஒன்று
இடுப்பளவு புல்லில் நிற்கிறது.
நிற்கிறது என்பது மரியாதைக்கு.
முன் இடப்பக்கச் சில்லு பாதி மண்ணுக்குள்.

லொயிட் சொன்ன விலை ஆயிரத்து இருநூறு டொலர்.
என் கைப்பையில் சீட்டுக்காசு,
வீட்டுக் கூரைக்கு ஓடு மாற்றவென்று
கழிவு போக எடுத்தது.
பையை விலாவோடு அணைத்தபடி
வண்டியைச் சுற்றி வருகிறேன்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தை
கழற்றி வந்திருந்தேன்,
பல் வைத்தியரின் சிரிப்பு அச்சிட்டது.
கதவில் வைத்தேன், பிடித்தது.
சில்லுக்கு மேலே வளைவில் வைத்தேன்,
சறுக்கிப் புல்லுக்குள் விழுந்தது.
அங்கே இரும்பில்லை. பசை.
யாரோ ஒரு சனிக்கிழமை முழுதும்
தேய்த்துத் தேய்த்துப் பூசிய அழகான பொய்.

படுத்து, அடிச்சட்டத்தைத் திருப்புளியால் குத்தினேன்.
டிங்.
டிங்.
மூன்றாவது குத்து பிடிவரை உள்ளே போனது.
செதில் செதிலாய்க் கறள்
சட்டைக் கைக்குள் கொட்டியது.
உப்பு காக்கும் என்றுதான் எனக்குத் தெரியும்,
மீனை, மாங்காயை.
வீதிக்குப் போட்ட உப்பு நாற்பது பனிக்காலம்
இந்த இரும்பைத் தின்றிருக்கிறது.

"தரையும் இல்லை" என்றார் லொயிட், நான் கேட்காமலே.
"பலகை ஒன்று போட்டிருக்கிறேன்."
கால்மிதியைத் தூக்கினேன்.
சிவப்பு, எட்டு மூலை, வீதியோரத்தில் நிற்க வேண்டியது.
நில் என்றது.

நின்றேன்.
கராஜில் இடமில்லை. மச்சாளின் மகளுடைய
சாமத்தியவீட்டு மணவறைத் தூண்கள் நாலு,
பொன்முலாம் பூசிய ரெஜிபோம்,
அடுத்தவளுக்கும் ஆகும் என்று அங்கேயே படுத்திருக்கின்றன.
ஐப்பசி வந்தால் விரல் விறைக்கும்.
பெயர் சொல்ல முடியாத பாகங்களுக்கு
யாரிடம் போய் நிற்பேன்?

ஆனால் பதினாலு செவ்வாய் இரவுகள்
கல்லூரிப் பட்டறையில் வெல்டிங் படித்தேன்.
மேசையில் கிடத்திய தட்டைத் துண்டுகளை ஒட்டுவேன்,
வாத்தியார் குறுக்கே வெட்டிப் பார்ப்பார்,
தலையாட்டுவார், வாளிக்குள் எறிவார்.
அறுபது துண்டு.
ஒன்றாவது எதையாவது தாங்கியதில்லை.
எனக்கொரு பாரம் வேண்டும்.

சுகிர்தன் போன் எடுத்தான்.
"ஓடுமா?"
"ஓடும்" என்றேன்.

வைத்த பிறகுதான் யோசித்தேன்.
வழக்கமாய் ஓடுகிறதா, இனிமேல் ஓடுமா,
ஓடினாலும் ஓடுமா?
மூன்றுக்கும் ஒரே சொல்.
லொயிட்டின் மொழியில் கேட்டிருந்தால்
அகப்பட்டிருப்பேன்.
தமிழ் என் பக்கம் நின்றது,
கூரைக்கு ஓடும் வேண்டும் என்பதையும்
அதே சொல்லுக்குள் ஒளித்துக்கொண்டு.

"பழைய இரும்புக்காரன் வியாழக்கிழமை வருவான்" என்றார்,
"இருநூற்றைம்பது தருவான்."
இதை ஏன் என்னிடம் சொன்னார் என்று
இன்னும் விளங்கவில்லை.
"எழுநூறு" என்றேன்.
அவர் புல்லுக்குள் துழாவி
காந்தத்தை எடுத்துத் துடைத்துத் தந்தார்.
"எண்ணூறு. பலகை என்னுடையது."

பலகைக்கு நாலு ஆணி.
மூன்று வந்துவிட்டது.
அதன் விளிம்பைத் தூக்கினால் கீழே புல்,
புல்லில் ஒரு வெட்டுக்கிளி,
எங்கள் வியாபாரத்தில் சேராதது.
நாலாவது ஆணி அசைய மாட்டேன் என்கிறது.
எண்ணெய் விட்டிருக்கிறோம்.
பத்து நிமிடம் ஊறவேண்டுமாம்.

கைப்பை இன்னும் என் மடியில், பூட்டியபடி.
மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது.
ஸ்காபரோவில் இந்நேரம் மழை தொடங்கியிருந்தால்
மாடி அறை மூலையில்
ஒழுகும்.