இன்னும் ஒண்டு

முன்பு நெல்லுக் களஞ்சியம்.
இப்போதும் மழைக்கு முதல் நாள்
சுவர் உமி மணக்கும்.
பரந்தன் சந்தியில் இறங்கி ஜிம் எங்கே என்றால்
பழைய சங்கக்கடைப் பக்கம் கை காட்டுவினம்.
இருபத்து மூன்று பேர்.
மாதக்காசு ஒழுங்காய்த் தருவோர் பதினான்கு.

ஐம்பதுக்குக் குறைந்தால் ரீசேட் அடிக்கமாட்டோம்
என்றார்கள் யாழ்ப்பாணத்துக் கடையில்.
மிச்சம் இருபத்தேழை யாருக்குப் போட?
வேலிக் கதியாலுக்கா?

பிறகு ஓரிரவு போனில்தான் கண்டேன்:
கேட்டால் அடித்துத் தரும் நிறுவனங்கள்.
ஒன்று கேட்டால் ஒன்று.
கையிருப்பும் வேண்டாம், முதலும் வேண்டாம்.
மாதிரிப் படத்தில் நின்ற வெள்ளைக்காரனின் நெஞ்சில்
எங்கள் சின்னத்தை ஒட்டிப் பார்த்தேன்.
அவனுக்கு வடிவாய்த்தான் இருந்தது.

நிறம் கேட்டது.
வெள்ளை எங்கள் கிணற்றுத் தண்ணிக்குத் தாங்காது.
பச்சையில் ஒன்பது வகை காட்டியது.
ஒன்பதையும் தள்ளிவிட்டேன்.
ஏனென்று கேட்கும் பெட்டி அதில் இல்லை.
கத்தரிப்பூ நிறத்தில் விரல் நின்றது.

"தூக்கு எண்டு எழுதுவம்," என்றான் டிலக்சன்.
"நெஞ்சில தூக்கு எண்டு போட்டுக்கொண்டு போனா
அம்மா என்ன நினைப்பா?" என்றாள் யசிதா.
எல்லோரும் சிரித்தோம்.
பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் சிரிக்கவில்லை.
கடைசியில், பன்னிரண்டாம் தடவையில் அவர்கள் கை நடுங்கும்போது
நான் கத்துவதையே எழுதினோம்:
இன்னும் ஒண்டு.

மூன்று இடத்தில் மூன்று மாதிரி எடுத்தேன்.
முதலாவது, 'இனனும ஒணடு' என்று வந்தது.
பூட்டுப் போடாத தட்டுகள் மாதிரி
புள்ளிகள் வழியில் கழன்று விழுந்திருக்க வேண்டும்.
மற்ற இரண்டிலும் எழுத்துப் பிழையில்லை.

யசிதா ஆடைத் தொழிற்சாலை முடிந்து
ஆறரைக்கு வருகிறவள்.
வந்த கையோடு ஒன்றை உட்புறம் புரட்டினாள்,
தோள்மூட்டை இழுத்தாள்,
நகத்தால் தையலைச் சுரண்டினாள்,
பக்கத்தில் தைத்திருந்த சின்னத் துண்டை
வெளிச்சத்துக்குப் பிடித்து வாசித்தாள்.
"இது எங்கட லைன்."

கொழும்புக்குப் போய், மை குடித்து,
கொறியர்ப் பையில் நாலு நாள் குலுங்கி
தைத்த இடத்திலிருந்து பத்து நிமிடத் தூரத்துக்குத்
திரும்பி வந்திருக்கிறது.
பெருமையாய் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"எடாதையுங்கோ," என்றாள்.
"அந்தக் கிழமை ரார்கெற் கூட.
பத்துத் தோய்ச்சலுக்குக் கழுத்து நிக்காது.
எனக்குத் தெரியும். கழுத்து நான்தான்."

மற்றது இருநூற்று நாற்பது ரூபா கூட.
அதையே எடுத்தேன்.

பிறகு அளவு.
குலேந்திரன் அண்ணைக்கு நெஞ்சு நாற்பத்திரண்டு.
இடக்கை தோளோடு முடிகிறது.
"ஒரு கைக்குக் காசு குறைப்பினமோ, கேட்டுப் பார்."
கேட்டேன்.
தங்கள் கேள்விக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது.
இரவு பதினொன்றுக்கு இன்னொரு முறை வந்தது,
அதே நன்றி.

"மடிச்சுத் தைச்சுத் தரட்டோ?" யசிதா கேட்டாள்.
"விடு பிள்ளை,
அதுக்குள்ளால காத்து வரட்டும்."

எண்ணிக்கைப் பெட்டியில் ஒன்று என்று போட்டேன்.
விலாசப் பெட்டி வீதி இலக்கம் கேட்டது.
எங்கள் ஒழுங்கைக்கு இலக்கம் இல்லை.
'சங்கக்கடைக்குப் பின்னால், சத்தம் கேட்கும்'
என்று எழுதினேன்.

அண்ணை ஒற்றைக் கையால் இரும்பை எடுத்தார்.
எட்டு. ஒன்பது.
நான் போனைப் பார்த்தபடி
கத்த மறந்துபோனேன்.
அவரே சொல்லிக்கொண்டார்.