அடைப்புக்குள் ஒரு வாக்கியம்

தால்காவே. ஜூலை. நான்காம் நாள் மழை.
மட்டிப் பண்ணைச் சங்கத்தின் மாடியில்
விறகடுப்புக்கு முதுகைக் கொடுத்து
ஓதக் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வெறும் எழுத்துதான்.
முன்னால் ஒரு வேலிக்குறி, அது தலைப்பு.
இருபுறமும் இரண்டு நட்சத்திரம், அது எச்சரிக்கை.
ஒரு சிறுகோடு, அதன் பின்னால் ஒரு படகு.
கணக்கர் எலியேசருக்கு இது போதும்.
எதில் திறந்தாலும் திறக்கிறது என்பார்,
அச்சடித்து
ரொட்டிக் கடைக்கு மேல்சட்டைப் பையில் கொண்டுபோவார்.

ஆனால் கடல் பத்தியில் உட்காராது.
தீவுக்கும் நமக்கும் நடுவே நீர்
ஆறு மணிநேரம் ஒரு பக்கமாய் ஓடும்,
பிறகு சற்று யோசிக்கும்,
பிறகு வந்த வழியே போகும்.
நாற்பது வரிசையில் அட்டவணை போட்டேன்.
படகோட்டி நொல்ஃபா கையுறை கழற்றாமலே பார்த்தாள்:
"எண்ணெல்லாம் சரி. தண்ணீர் எங்கே?"

எனவே இரண்டு பத்திகளுக்கு நடுவில்
கோண அடைப்பைத் திறந்தேன்.

<ஓதமானி துறை="தால்காவே" />

பார்த்தால் இதுவும் எழுத்துதான்.
மற்ற சொற்களுக்குத் தோள் கொடுத்து
சாதுவாக நிற்கும்.
உலாவியில் விழித்துக்கொள்ளும்.
விரலால் இழுத்தால் மணி நகரும்,
நீல அம்புகள் நெத்திலிக் கூட்டம்போல்
ஒரே நேரத்தில் முகம் திருப்பும்.
அன்று மாலை நான்
வேலையை விட்டு அதை இழுத்துக்கொண்டே இருந்தேன்.
பத்து மணியை நாலாக்கினேன். நாலைப் பத்தாக்கினேன்.

சில்லறைத் தொல்லைகள் உண்டு.
அடைப்புக்குப் பின் ஒரு வெற்று வரி விட மறந்தால்
நட்சத்திரங்கள் எச்சரிக்கை ஆகாமல்
நட்சத்திரங்களாகவே நிற்கும்.
எலியேசர் தாளை நீட்டிக் கேட்டார்,
"யார் இந்த ஓதமானி?
சம்பளப் பட்டியலில் இல்லையே."

சிரித்தோம்.

வியாழக்கிழமை, விடிய ஐந்து நாற்பது.
நொல்ஃபாவிடமிருந்து குறுஞ்செய்தி:
"உன் பெட்டி வரவில்லை. வெள்ளைச் சதுரம்.
எந்தப் பக்கம் ஓடுது?"
மூடுபனி. மலைக்குப் பின்னால் ஒற்றைக் கோடு சிக்னல்.
கூடையில் மூன்று டன் மட்டி.
போர்வைக்குள்ளிருந்து தட்டினேன்:
ஆறே கால் வரை தெற்கே. பிறகு நில்.
அனுப்பிய டிக் சாம்பலாகவே இருந்தது.
கெட்டிலில் நீர் கொதித்துத் தானே அணைந்தது.
ஏழரைக்கு நீலமானது.

நிரலின் மேல் குற்றமில்லை.
அது கிளம்பியது, வழியில் நின்றது,
அவ்வளவுதான்.
குற்றம் அந்தச் சாய்கோடு.
திறந்த மூச்சிலேயே மூடிவிட்டேன்,
உள்ளே எதுவும் வைக்காமல்.

மழையோடு சங்கத்துக்குப் போய்
கோட்டை எடுத்துவிட்டுப் பிரித்தேன்.

<ஓதமானி துறை="தால்காவே">
இன்று 6.55 வரை தெற்கே ஓட்டம். பிறகு இருபது நிமிடம் நில்.
</ஓதமானி>

அம்புகள் வந்து சேர்ந்தால்
இந்த வாக்கியத்தை மூடிக்கொண்டு உட்காரும்.
யாரும் பார்க்க மாட்டார்கள்.
வராத இடத்தில் இது மட்டும் இருக்கும்,
கறுப்பாக, சின்னதாக,
எலியேசரின் பையிலும்கூட.

இப்போது தினமும் கிளம்புமுன் கடைசி வேலை இதுதான்.
மறுநாளின் வரியைக் கையால் எழுதுகிறேன்.
எழுதும்போது
பெரும்பாலும் யாரும் படிக்கப்போவதில்லை என்பது தெரியும்,
அதனால் சுருக்கமாக எழுதுகிறேன்,
படபடப்பில் படிக்கிறவருக்கு எழுதுவதுபோல.

அடுத்த செவ்வாய் ஒரு படம் வந்தது.
நனைந்த திரை, மீன்செதில் ஒட்டிய கட்டைவிரல்,
அதற்கு மேலே என் வாக்கியம்.
நன்றி என்று ஒரு சொல் இல்லை. கீழே இவ்வளவுதான்:

"இருபது தப்பு. முப்பது."

கோப்பைத் திறந்தேன்.
முப்பது.