கழிவு

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
பழைய பேப்பர் நிறுக்கிற தராசில்
ஜெசிந்தாவை ஏற்றுகிறேன்.

நாற்பத்தொன்று அறுநூறு.

போன வாரம் நாற்பத்திரண்டு.
"குழாய்க்கு எவ்வளவு கழிச்சே?" என்கிறாள்.
ஈர அட்டைக்கு நூற்றுக்குப் பத்து கழிக்கிறவன் நான்.
சிரிப்பு வந்தால் தையல் வலிக்கும் அவளுக்கு.
அதனால் எனக்கும் சிரிப்பு வரவில்லை.

உணவுக்குழாயை எடுத்துவிட்டு
இரைப்பையை நெஞ்சுக்குள் இழுத்துத் தைத்திருக்கிறார்கள்.
தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு மெல்லிய குழாய்,
நேராகச் சிறுகுடலுக்கு.
நாக்குக்குச் சொல்லாமல் நடக்கிற சாப்பாடு.

ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை
ஜன்னல் கம்பியில் பை தொங்கும்.
நிமிடத்துக்கு இருபத்துமூன்று சொட்டு.
கரண்ட் போனால் டார்ச் அடித்து எண்ணுகிறேன்.
முடிந்ததும் ஆறிய வெந்நீரைத் தள்ளவேண்டும்.
ஒருநாள் அசந்துவிட்டேன், அடைத்துக்கொண்டது.
பேசின் பாலத்தில் விடியாத ஆட்டோ,
வயிற்றைப் பிடித்தபடி அவள்,
அவளைப் பிடித்தபடி நான்.

அதே வாரம், அதே டாக்டர் கையால்
நைனா முகமது பாய்க்கும் ஆபரேஷன் ஆனது.
பர்மா பஜாரில் செல்போன் கண்ணாடி மாற்றுகிறவர்.
அவருக்குக் குழாய் வைக்கவில்லை.

ஏன் என்று கேட்டேன்.
"வைத்தவர்களும் தேறுகிறார்கள்,
வைக்காதவர்களும் தேறுகிறார்கள்.
சிலருக்கு எடை இறங்காமல் நிற்கும்,
சிலருக்குக் குழாயே தொந்தரவு.
யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல
எங்களிடம் தராசு இல்லை" என்றார் டாக்டர்.
நிறுக்கிற தொழில்காரனிடம்
இப்படி யாரும் உண்மை பேசியதில்லை.

மூன்றாவது ரெவ்யூவுக்கு பாய் வரவில்லை.
மகன் மட்டும் வந்தான்,
கையில் பிரிக்காத பவுடர் டப்பா இரண்டு.
எனக்குத் தொண்டை காய்ந்தது.
"வாப்பா கடைக்குப் போயிட்டாங்க.
அரை இட்லி இறங்குது.
இது வேணாமாம், அக்காவுக்குக் கொடுக்கச் சொன்னாங்க."

சந்தோஷமாகத்தான் இருந்தது.
வீடு வந்து சேர்வதற்குள்
கொஞ்சம் எரிந்தது.
அந்த டப்பாவை எட்டு நாள் தொடவில்லை.
ஒன்பதாம் நாள் எங்கள் பவுடர் தீர்ந்தது.

நேற்று கீழ்வீட்டில் நெத்திலி வறுத்தார்கள்.
மாடிப்படி வழியே ஏறி வந்தது.
பைக்கு அடியில் நிமிர்ந்து சாய்ந்திருந்தவள்
கண்ணை மூடி எச்சில் விழுங்கினாள்.
சொட்டு எண்ணுகிற சாக்கில்
அவள் தொண்டை அசைவதைப் பார்த்தேன்.
எண்ணிக்கை தவறிவிட்டது.

இன்று காலை கஞ்சி, வாயால், ஆறு ஸ்பூன்.
நான்காவதில் இருமல்.
நிறுத்தலாம் என்றேன்,
ஸ்பூனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

இதோ தராசில் நிற்கிறாள்.
சிவப்பு எண்கள் நிலைகொள்ளாமல் துடிக்கின்றன.
நோட்டில் எழுதப்போகிறேன்,
பித்தளைக்கும் பாட்டிலுக்கும் கீழே.

என் தோளில் கை ஊன்றியிருக்கிறாள்.
ஊன்றிய பாரம் தராசில் விழாது,
எண் குறைத்துத்தான் காட்டும்.
இருபது வருஷத் தொழிலில் தெரியாததா?

கையை எடு என்று
சொல்லவில்லை.