ஏழரை

யீஷூன், ஒன்பதாம் மாடி.
மணி ஏழரை ஆனதும்
"ஆரம்பிச்சிடுச்சுடா ஏழரை" என்பேன்.

திரையில்
வாளியைத் தலையில் கவிழ்த்த ஒருவன்
துடைப்பத்தால் மூன்று திருடர்களைச் சாய்த்து
நான்காவதாகத் தானே வழுக்கி விழுவான்.
இன்பன் சோபாவிலிருந்து குதிப்பான்.
கீழ்வீட்டு ரொஸ்னா புகார் செய்வதில்லை.
அங்கும் யாரோ குதிக்கிறார்கள்.

மூத்தவளுக்குப் பதினான்கு.
கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமலே
"இப்ப லிஃப்ட் மூடும் பாரு" என்கிறாள்.
மூடுகிறது.

நேற்று எனக்குக் கடைசிப் பேருந்து.
வீடு வரும்போது பன்னிரண்டரை.
சீருடை மாற்றவில்லை.
பாதி தேய்த்த பள்ளிச் சட்டையோடு
மனைவி கதை சொன்னாள்,
திருடன் குரலில்,
இஸ்திரிப்பெட்டியை ஓங்கி.

பையன் எப்போதோ தூங்கிவிட்டான்.
"அப்புறம் வாளி என்னாச்சு?"
கேட்டது
நான்தான்.