இரைச்சல்

ஒரு சவர பிளேடின் கனம்.
அவ்வளவுதான் இருக்க வேண்டும் இடைவெளி,
இரண்டு டங்ஸ்டன் முனைகளுக்கும் நடுவே.
டிக்கோயா ஆஸ்பத்திரிப் பெட்டிக்கு
மாதம் ஒருதரம் நான்தான் வைத்துக் கொடுப்பேன்,
கொழுந்து ஆலையில் மோட்டார் பார்க்கிற அதே விரல்களால்.

அதற்கு முந்திய சரித்திரம் என் கெண்டைக்காலில் இருக்கிறது.
ஏழு வயதில் நாய் கடித்தபோது
உலையில் சிவந்த கம்பியை வைத்து எடுத்தார்கள்.
அமுக்கிப் பிடிக்க நாலு பேர்.

பெட்டி வேறு சாதி.
முனையைத் தொட்டால் பச்சைத்தண்ணீர் மாதிரி.
கரண்ட் சதைக்குள் இறங்கும் ஊசியளவு இடத்தில் மட்டும் தீ;
பிறகு உடம்பெல்லாம் பரவி, கோபம் ஆறி,
தொடைக்கடியில் உப்புத்தண்ணீர்த் துணி சுற்றிய
ஈயத்தகடு வழியே வந்த இடத்துக்கே போய்விடும்.
டாக்டர் ரண்தெனிய படம் போட்டுக் காட்டினார். நம்பவில்லை.
ஆட்டிறைச்சித் துண்டொன்றைத் தொட்டுக் காட்டினார்.
வாசனையில் நம்பினேன்.

ஒரே குறை:
அது பொறி விட்டால்
ஆஸ்பத்திரி ரேடியோக்களுக்கெல்லாம் தொண்டை கட்டும்.

கழுத்துக் கழலையோடு வீராயியை உள்ளே கொண்டுபோன இரவு
வெளி வாங்கில் சின்னமுனி. மடியில் டிரான்சிஸ்டர்.
கர்ர்ரென்று பாட்டைக் கடித்துக் கடித்துத் துப்பியது.
மூடப்போனார்.
மூடாதீங்க, என்றேன். அது டாக்டரோட கை.
ஒவ்வொரு இரைச்சலுக்கும் ஒரு ரத்தக்குழாய் அடைபடுது.

கொழுந்து நிறுக்கும் தராசைப் பார்க்கிற சந்தேகத்தோடு
எண்ணத் தொடங்கினார்.
பதினேழு.
பதினெட்டு.

பிறகு பாட்டு தெளிவாகக் கேட்டது.
ஒரு சொல் விடாமல். புல்லாங்குழல்கூட.

கரண்ட் போன இருட்டில் பேட்டரிக்கு மட்டும் உயிர்.
உள்ளே மிஸ் டார்ச் கேட்டாள்.
நூல், நூல் என்று சிங்களத்தில் டாக்டர்.
அத்தனை இனிமையான பாட்டை
நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
ஜெனரேட்டர் கொட்டிலுக்கு ஓடினேன், மழையில்.
கைப்பிடி இரண்டுதரம் உதைத்தது,
மூன்றாம் சுற்றில் பிடித்தது.

காலில் அட்டையோடு திரும்பி வந்தால்
சின்னமுனி ரேடியோவைக் காதோடு அழுத்தி
கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.
"இரையுதுங்க" என்றார்.
"இருபத்தொண்ணு."

அடுத்த ஆடியில் வீராயி பெரட்டுக்கு வந்தாள்,
தாலிக்கயிறு பாதி மறைத்த கோட்டோடு.

இப்போது இருப்பது புதுப் பெட்டி. பிளேடு வேண்டாம்.
பொறி இல்லை, ரேடியோவை ஒன்றும் செய்வதில்லை.
நல்லதுதான்.
வாங்கில் இருப்பவர்கள்
கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.