நான்கு மாதம்

காலை ஐந்தரை, பகாவ்.
செம்பனை லாரிக்குப் பின்னால் ஊர்கிறது
கையுறை ஃபேக்டரி பஸ்.

சீருடைக் கால்சட்டையில் பொத்தான் இன்னும் எட்டவில்லை.
தலைமுடி ரப்பரால்
இடைவெளிக்கு ஒரு பாலம் போட்டிருக்கிறேன்.
ரொஹானி அக்கா நாற்பத்துநாலு நாள்
இறுக்கிச் சுற்றிய பெங்கோங்
வீட்டுக் கொடியில்,
பதினாறு முழம், ஈரம் சொட்ட.

நேபாளிப் பையன் சட்டென்று எழுகிறான்.
"டுடோக், காக். பெராப்பா பூலான்?"

பஸ்ஸே என் வயிற்றைப் பார்க்கிறது.

"நாலு மாசம்."

பொய்யில்லை.
நாலு மாதக்காரி யஷ்வினி
மாரிக்கண்ணு வீட்டுத் தூளியில் தூங்குகிறாள்.

உட்கார்ந்தேன்.
வயிறு மடியில் இறங்கி
பூனை மாதிரி சுருண்டுகொண்டது.
உள்ளிழுக்கவில்லை.
சாப்பாட்டுப் பையாலும் மறைக்கவில்லை.
நின்றுகொண்டே கண்ணயர்கிறான் அந்தப் பையன்.
இறங்கும்போது சொல்லிவிட வேண்டும்.

நாளைக்குச் சொல்லலாம்.